கார் லைசென்ஸ் தேர்வில் எந்தக் கட்டம் கடினம்?

கியர் கார் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் முதலில் பயப்படுவது எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கேள்விகளுக்குத்தான். அந்தப் பயம் தேவையில்லை. இருப்பதிலேயே சுலபமான கட்டம் அதுதான். சாலைக் குறியீடுகள், போக்குவரத்து விதிகள் பற்றிக் கேட்பார்கள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கைக்கு வந்து 30 நாள் ஆன பிறகுதான் வண்டி ஓட்டிக் காட்டப் போக முடியும். அந்த 30 நாளில் எதைப் பழகுகிறோம் என்பதே முக்கியம்.

ஓட்டிக் காட்ட வேண்டியவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 15-ஆவது விதி வரிசையாகச் சொல்கிறது. வண்டியை எடுத்து டாப் கியர் வரை போவது, கண்ணாடி பார்த்து சிக்னல் போட்டுத் திரும்புவது, முந்துவது இதெல்லாம் நடுத்தரம். பாதி ரோட்டில் நெல் காய, எதிரே அறுவடை மெஷின் வரும் காவிரி டெல்டா சாலையில் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ரிவர்ஸ் அதைவிடக் கடினம். குறுகலான இடத்துக்குள் பின்னாலேயே போக வேண்டும். ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு ஊர்ந்து போனால் ஸ்டியரிங் திருப்ப நேரம் கிடைக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு மிகக் கடினமானது ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டி கொஞ்சமும் பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும் என்கிறது விதி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என எங்கே போனாலும் பெரும்பாலும் சமதரை. ஆற்றுப் பாலத்தில் ஏறும் இடமும் ரயில்வே மேம்பாலமும் விட்டால் ஏற்றமே இல்லை. மாதக்கணக்கில் ஓட்டியவர்கூட ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பழகியிருக்க மாட்டார்.

அதனால் பயிற்சிப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள்: விடியற்காலையில், வண்டி நடமாட்டம் இல்லாத சின்ன வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் பழக்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் கம்மியாகும், பானெட் லேசாகத் தூக்கும். அங்கே காலை அசைக்காமல் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். இன்னொன்று, பயிற்சி காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அவர் காலை எடுத்துவிட்டு நீங்களே செய்து பார்த்தால்தான் வந்திருக்கிறதா என்று தெரியும். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஊட்டி, கொடைக்கானல் போகும்போது பக்கத்தில் அவர் இருக்க மாட்டார்.

ஃபெயிலானால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மறுதேர்வுக்கும் கட்டணம் உண்டு. மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய்.