கோஷ்டி: ஒரு சொல் விளக்கம்

தேர்தல் நேரத்தில் காரைக்குடி டீக்கடையில் ஒரு காங்கிரஸ்காரரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "அவர் யார் கோஷ்டி?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். பக்கத்திலிருக்கும் அரியக்குடிப் பெருமாள் கோயிலில் அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே கோஷ்டி என்றால் சேர்ந்து நின்று பிரபந்தம் சேவிக்கிறவர்கள்.

வடமொழியில் 'கோ' பசு. 'கோஷ்டம்' பசுக்கள் நிற்கும் கொட்டில். அதிலிருந்து மனிதர்கள் கூடிப் பேசும் 'கோஷ்டி' வந்தது. இதில் இழிவு ஒன்றுமில்லை. நம் ஊர்ப்பக்கம் பஞ்சாயத்து கூடியதும் மாடு நிற்கும் மந்தையில்தானே! தமிழுக்குள் வந்தபோது இது 'கோட்டி' ஆயிற்று. நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசப் போவதை "நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்" என்கிறது குறள் (401). நெல்லைப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். அது வேறு கதை.

திருப்பத்தூரைத் தாண்டிச் சிவகங்கை சாலையில் போனால் திருக்கோஷ்டியூர். ஆழ்வார் பாட்டில் திருக்கோட்டியூர். இரணியனை ஒழிக்கத் தேவர்களும் முனிவர்களும் கூடி ஆலோசித்த இடம் என்பதால் இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். ஆட்சியில் இருப்பவனைக் கவிழ்க்கத் தனியாகக் கூடிப் பேசியிருக்கிறார்கள். இன்றைய அரசியல் பொருளுக்கு அப்போதே விதை போட்டுவிட்டார்கள் போல!

அந்தப் பொருளை விளக்க 1969 குடியரசுத் தலைவர் தேர்தல் போதும். அந்த ஆண்டு மே மாதம் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரசுக்குள் நிஜலிங்கப்பா, காமராஜர் முதலான மூத்தவர்கள் ஒரு பக்கம். பத்திரிகைகள் அவர்களைச் 'சிண்டிகேட்' என்றன. பிரதமர் இந்திரா காந்தி மறுபக்கம். பெங்களூரில் கூடிய கட்சியின் ஆட்சிமன்றக் குழு இந்திராவின் விருப்பத்தை மீறி நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. வி.வி. கிரி சுயேச்சையாக இறங்கினார். நிஜலிங்கப்பா, உங்கள் வேட்பாளருக்கு அடுத்தபடியாக ரெட்டிக்குப் போடுங்கள் என்று இரண்டாம் விருப்ப வாக்கு கேட்டு ஜனசங்கத்திடமும் சுதந்திராக் கட்சியிடமும் பேசினார். அந்தப் பேச்சையே இந்திரா தரப்பு ஆயுதமாக்கிக்கொண்டது. கட்சி வேட்பாளருக்கே போடுங்கள் என்று சொல்ல மறுத்து, 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்றது.

முதல் விருப்ப வாக்கில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் விருப்பத்தையும் எண்ணிய பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. நவம்பரில் கட்சியே இரண்டானது. காமராஜர் இந்திராவுக்கு எதிரான ஸ்தாபன காங்கிரசில் நின்றார்.

சரி, கோஷ்டிக்குத் தமிழில் என்ன சொல்வது? 'குழு' ரொம்பச் சாது. மகளிர் சுய உதவிக் குழுவும் குழுதான். 'அணி' என்றால் இளைஞர் அணியா, சின்னத்துக்கு வழக்குப் போடும் அணியா என்ற குழப்பம் வரும். செட்டிநாட்டில் 'பங்காளிச் சண்டை' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பங்காளிகள் வீட்டுக்குச் சண்டை போட்டாலும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஒன்றாக வந்து நிற்பார்கள். கட்சிக்காரர்களிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

வள்ளுவரே "பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்" இல்லாததுதான் நாடு என்கிறார் (735). அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோஷ்டிக்கு 'உட்குழு', கோஷ்டிப் பூசலுக்கு 'உட்பூசல்'. 1969 போலச் சொந்த வேட்பாளரையே தோற்கடிக்கும் அளவுக்குப் போனால் 'உட்பகை'. தினசரிகள் தலைப்பில் இடமில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. எண்ணிப் பாருங்கள், 'கோஷ்டிப் பூசலை'விட 'உட்பூசலு'க்கு இரண்டு எழுத்து குறைவு.