தொட்டால்தான் ஷாக் அடிக்குமா?

ரயில் பாதைக்கு மேலே ஓடும் மின்கம்பிகளைப் பராமரிப்பது என் வேலை. எங்கள் பேச்சில் அது ஓஎச்இ. பயணிகளிடம் எச்சரித்தால் பெரும்பாலும் வரும் பதில்: "கம்பியைத் தொட்டால்தானே சார் ஆபத்து?"

வீட்டு கரண்டை வைத்துப் போடும் கணக்கு அது. வீட்டில் 230 வோல்ட். சென்னைப் புறநகர் ரயில் கம்பியில் 25,000 வோல்ட். கிட்டே போனாலே காற்றில் தாவி ஆளைப் பிடித்துவிடும். கம்பிக்கு 2 மீட்டருக்குள் வேலை என்றால், கரண்டை நிறுத்தாமல் நாங்களே போவதில்லை.

யார்டில் சும்மா நிற்கும் வண்டிமேல் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள். என்ஜின் இல்லையென்றால் கரண்டும் இல்லை என்ற நினைப்பு. பெட்டியின் கூரை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர், கம்பி ஐந்தரை மீட்டர். கூரையில் உட்கார்ந்தாலே தலைக்கும் கம்பிக்கும் இரண்டடிதான். எழுந்து நின்றால்?

மின்சப்ளையைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் அறையில் "சப்ளை ஆஃப்" என்று உறுதி வாங்கிய பிறகும் நாங்கள் கம்பியில் கை வைப்பதில்லை. முதலில் எர்த் கிளாம்பைத் தண்டவாளத்தில் இறுக்குவோம். அப்புறம்தான், கம்பியில் மிஞ்சிய கரண்டைத் தரைக்கு இறக்கும் நீளமான டிஸ்சார்ஜ் ராடின் கொக்கியைக் கம்பியில் மாட்டுவோம். பக்கத்து லைனில் ஓடும் கரண்ட், தொடாமலே இந்தக் கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டிவிடும்; அதனால் சில நேரம் அப்போது 'சட்'டென்று ஒரு பொறி தெறிக்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

அறுந்து விழுந்த கம்பியையும் அப்படித்தான், கரண்ட் இல்லை என்று நம்பக் கூடாது. பிரேக்கர் டிரிப் ஆகியிருக்கலாம். ஆனால் கோளாறு நீங்கிவிட்டதா என்று பார்க்க மறுபடி சப்ளை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். செத்துக் கிடக்கும் கம்பி அந்த நொடி உயிர் பெறும். யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் ஓடிப்போய் இழுக்காதீர்கள். காய்ந்த கட்டையால் தள்ளிவிடுவதெல்லாம் இங்கே எடுபடாது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள், அல்லது ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிடுங்கள். கரண்டை நிறுத்தி எர்த் செய்த பிறகே யாரும் நெருங்கலாம்.

சரி, பெட்டிக்குள் இருப்பவர்? பயமே வேண்டாம். உலோகக் கூடு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கிறது. கம்பி ரயில் மேலேயே விழுந்தாலும் உள்ளேதான் பத்திரம். பதறி இறங்கும்போது ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கால் ஜல்லியிலும் இருக்குமே, ஆபத்து அங்கேதான். ஊழியர் வந்து இறங்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள்.