ஞானப் பல் எடுத்தவருக்கு இளநீர் சரி, ஸ்ட்ரா வேண்டாம்

பொள்ளாச்சியில் பல் மருத்துவம் பார்த்துக்கொண்டு இளநீரைக் குறை சொல்ல வாய் வராது. ஊரில் பாதிப் பேருக்குத் தென்னையில்தான் பிழைப்பு. ஆனாலும் போன வெயில் காலத்தில் ஒரு தம்பியிடம் அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

வயது 24. கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப் பல்லை மூன்று நாளைக்கு முன் நான்தான் எடுத்திருந்தேன். இரண்டு நாள் வலி மாத்திரைக்கு அடங்கியிருந்திருக்கிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் காது வரை தெறிக்க ஆரம்பித்துவிட்டது. “மாத்திரை போட்டும் நிக்கலைங்க டாக்டர். பல்லு இருந்தப்பவே பரவால்லைங்க” என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பல் இருந்த குழியில் கருஞ்சிவப்பாக ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். அது இல்லை. அடியில் வெளிறிய எலும்பு தெரிந்தது, லேசாக வாடையும் அடித்தது.

கூட வந்த அம்மா, “சோறே எறங்கலைங்க. தோட்டத்து எளனிதான், நாளைக்கு மூணு நாலு குடிச்சான்” என்றார். எப்படிக் குடித்தீர்கள் என்று கேட்டேன். தம்பி உதட்டைக் குவித்து உறிஞ்சிக் காட்டினார். ஸ்ட்ரா!

முழங்காலில் அடிபட்டால் மேலே பொருக்குத் தட்டி, அதன் அடியில் புண் ஆறும். பல் குழியில் உறையும் ரத்தமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடி வைத்திருப்பது அதுதான். உறிஞ்சினாலும், காறித் துப்பினாலும், அவசரப்பட்டுக் கொப்பளித்தாலும் அது பெயர்ந்து வந்துவிடும். பீடி, சிகரெட் இன்னும் மோசம்; உறிஞ்சுவதோடு புகையும் குழி ஆறுவதைக் கெடுக்கும். அந்த ரத்தக் கட்டி போய்விட்டால் எலும்பு வெறுமையாக நிற்கும். இதை நாங்கள் ‘ட்ரை சாக்கெட்’ என்போம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். மற்ற பற்களைவிடக் கீழ் ஞானப் பல்லில்தான் அதிகம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல்.

குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தேன். வாசனை பரவியதும் அம்மா, “ஏனுங்க, கிராம்புங்களா?” என்றார். அதேதான். கிராம்பு எண்ணெயில் இருக்கும் ‘யூஜினால்’ என்ற பொருள் வலியை மரத்துப்போகச் செய்யும். அதற்காக வீட்டில் எண்ணெயை நேராக ஊற்றிவிடாதீர்கள், ஈறு வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

குறை என் பக்கமும் இருந்தது. நான் கொடுத்த தாளில் ‘குளிர்ந்த பானங்கள் பருகலாம்’ என்று அச்சடித்திருந்தது. எப்படிப் பருகுவது என்று போடவில்லை. இப்போது பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடிக்கவும், ஒரு வாரத்துக்கு ஸ்ட்ரா கூடாது.

சரி, அந்தப் பல்லை எதற்காக எடுத்தேன்? ஞானப் பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் சாய்ந்து, தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லில் முட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். அதன்மேல் மூடியிருக்கும் ஈறு மடிப்புக்குள் சோறு சிக்கிச் சீழ் பிடிக்கும், கன்னம் வீங்கும், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. தம்பிக்கு ஒரே வருடத்தில் இது மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளியிருக்கிறார்.

ஆனால் ஞானப் பல் என்றாலே எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. புதைந்திருந்தாலும் நோய் இல்லாத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் ‘நைஸ்’ அமைப்பு 2000-இல் வழிகாட்டியது. இதை ஒத்துக்கொள்ளாத மருத்துவர்களும் உண்டு. நான் நைஸ் கட்சி. அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தால் போதும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. கேட்க வேண்டியது கீழ்ப்பல்லைப் பற்றி. அதன் வேருக்கு அருகே உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் உதடு சில வாரமோ சில மாதமோ மரத்திருக்கும், அபூர்வமாக அப்படியே நின்றுவிடும். முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

பல் எடுத்ததும் வைக்கும் பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். ஒரு நாள் வரை அது இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். மரப்பு போகும்வரை சூடாக எதுவும் வேண்டாம், கன்னத்தைக் கடித்தாலும் வெந்தாலும் தெரியாது. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், கால் மணி வைத்துக் கால் மணி எடுத்து. வீட்டில் பெரியவர்கள் உப்பு ஒத்தடம் கொடுக்க வருவார்கள், அன்றைக்கு மட்டும் தடுத்துவிடுங்கள். சூடு பட்டால் ரத்தமும் வீக்கமும் கூடும். 24 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்ல அலசி, தானாக வழிய விடலாம். அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய விட்டு ஆற வைத்து மறுபக்கமாகச் சாப்பிடலாம். ராகிக் கூழ் அதைவிட வசதி.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். கல்யாணச் சீருக்கு நான்கு நாள் இருக்கையில் வந்து “இப்பவே எடுத்துருங்க” என்பவர்களை, அவசரம் இல்லாதபட்சத்தில் சீர் முடிந்து வரச் சொல்லிவிடுவேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் முதலில் சொல்லுங்கள். சர்க்கரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, எதையும் மறைக்க வேண்டாம். அப்புறம், தாடைக்கு அடியில் வீக்கம் இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் இரவோடு இரவாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்த தம்பிக்கு வலி இல்லை. ஈறு மூட இன்னும் சில வாரம், எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும் என்றேன். “அப்பிடியே இந்தப் பக்கத்துப் பல்லையும் எடுத்தரலாமுங்களா?” என்று இடக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். எக்ஸ்ரேயில் அது நேராக முளைத்து, மேல்பல்லோடு பொருந்தி நிற்கிறது. “அது என்ன தம்பி பண்ணுச்சு உங்களை?” என்று கேட்டு அனுப்பினேன்.