இரும்பு இருந்தும் ரத்தம் ஏறாதது ஏன்?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு முடக்குவாதம். மாத்திரையில் கைவீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆனால் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதுமே படுத்துவிடுகிறார். இரும்பு டானிக், முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. சொந்தக்காரர்கள் சோம்பல் என்கிறார்கள்."

சோம்பல் இல்லவே இல்லை. அப்படிச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அங்கே சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அழற்சியைக் கிளப்பும் தூதுப் புரதங்கள், மூட்டோடு நிற்பதில்லை, மூளைக்கும் சேதி சொல்கின்றன. ஃப்ளூ காய்ச்சலில் நம்மைச் சுருண்டு படுக்கவைப்பதும் இதே சேதிதான். காய்ச்சலில் நாலு நாளில் தீர்ந்துவிடும், இங்கே மாதக்கணக்கில் நீடிக்கும்.

இன்டர்லூகின்-6 இன்னொரு வேலையும் செய்கிறது. கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட துக்கடாப் புரதம் அது. ஆனால் உடம்பின் மொத்த இரும்பும் அதன் சொல்படிதான் நடக்கும்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடானவற்றை மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் தின்று, உள்ளிருக்கும் இரும்பை எடுத்துத் திரும்ப ரத்தத்தில் விடுகின்றன. இப்படித் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து சேர்வது 1, 2 மில்லிகிராம்தான். செல்லைவிட்டு இரும்பு வெளியேற ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே வாசல்தான் உண்டு. ஹெப்சிடின் போய் அதில் ஒட்டிக்கொண்டால், செல் அந்த வாசலையே உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். பழைய இரும்பு விழுங்கணுவுக்குள்ளேயே முடங்கும். டானிக்கில் வந்தது குடல் செல்லில் தங்கி, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். உள்ளறை நிறைய நெல் கிடக்க, சாவிக்கொத்து கைக்கு வராமல் உலை ஏறாத செட்டிநாட்டு வீட்டின் கதைதான்.

கிருமிகள் பெருகவும் இரும்பு வேண்டும். அவற்றைப் பட்டினி போடத்தான் உடம்பு இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. முடக்குவாதத்தில் கிருமியே இல்லை, ஆனாலும் கதவு சாத்தப்படுகிறது.

வாசகி அனுப்பிய அறிக்கையில் ஹீமோகுளோபின் 9.8, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 240, ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 11 சதவீதம். சேமிப்பு இருக்கிறது, ஓட்டம் இல்லை. இதில் டானிக்கைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை, அழற்சியை அடக்க வேண்டும். இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தால் சில வாரங்களிலேயே ஹீமோகுளோபின் உயர்வது இதனால்தான். அழற்சி இருக்கும்போதே ஃபெரிட்டின் 100க்குக் கீழே இருந்தால் கதை வேறு. வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசிகிறதா, மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று பார்த்து இரும்பும் கொடுக்க வேண்டும். ஃபெரிட்டினை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.

ஹெப்சிடினையே அளந்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். ஆனால் சாதாரண லேப்களில் அந்தச் சோதனை கிடையாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து உருவான சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. மின்வேதியியல் உணர்விகள் (சென்சார்கள்) அதன் சொந்தத் துறை. சர்க்கரை பார்ப்பதுபோல ஹெப்சிடினுக்கும் ஒரு மலிவான பட்டை உருவாக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

ரத்தம் ஏறிய பிறகும் சிலருக்கு அசதி போகாது. வலியால் கெட்ட தூக்கம், கரைந்த தசை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நடப்பது நிச்சயம் உதவும். 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குச் சில நிமிடங்கள் கூட்டினால் போதும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரத்து வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் மறுநாள் எழ முடியாது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சோர்வு கூடும். அப்போது நிறுத்திவிடாமல், ஃபோலிக் அமிலத்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.