விசா: 'பார்த்தாயிற்று' என்று ஒரு குறிப்பு

விசா என்றால் அனுமதி என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லின் நேர்ப்பொருள் அது இல்லை. இலத்தீனில் 'விதேரே' என்றால் பார்த்தல். அதிலிருந்து வந்த 'விசா'வுக்குப் பார்க்கப்பட்டது என்று பொருள். முழுத்தொடர் 'கார்த்தா விசா', அதாவது பார்க்கப்பட்ட தாள். நாளடைவில் தாள் உதிர்ந்துவிட்டது, 'பார்க்கப்பட்டது' மட்டும் நின்றது. பிரெஞ்சு அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து முதலில் 'வீசே' என்றும், 19ஆம் நூற்றாண்டில் 'விசா' என்றும் வாங்கிக்கொண்டது. தமிழுக்கு வந்தது ஆங்கிலம் வழியாக.

மொரீஷியஸில் இருக்கும் நமக்கு இது தமிழ்நாட்டாரைவிடச் சுலபமாகப் பிடிபடும். பிரெஞ்சு நாள் முழுக்கக் காதில் விழுகிறது. 'வ்யு' என்றால் பார்த்தாயிற்று என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரான்சின் பகுதியான பக்கத்துத் தீவு ரெயூனியனில் எந்த அரசாணையை எடுத்தாலும் "இன்ன சட்டத்தைப் பார்த்து, இன்ன ஆணையைப் பார்த்து" என்று வரிக்கு வரி 'வ்யு' போட்டுத்தான் தொடங்குவார்கள். அந்தத் தொடக்க வரிகளுக்குப் பிரெஞ்சுச் சட்டத்துறையில் வழங்கும் பெயரே 'விசா'தான். அங்கே யாரும் யாரையும் நாட்டுக்குள் விடவில்லை. எதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறோம் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வேரில் முளைத்த சொற்கள் நம் வீட்டிலேயே நிறைய உண்டு: வீடியோ, டெலிவிஷன், பரீட்சைக்கு முந்தைய ரிவிஷன், கரும்புத் தோட்டத்து சூப்பர்வைசர். கடைசிச் சொல்லைத் தமிழில் மேற்பார்வையாளர் என்கிறோம். 'மேல்', 'பார்வை' இரண்டும் அப்படியே பொருந்தியிருக்கின்றன. வடமொழியின் வித்யா, வேதம் ஆகியவையும் தூரத்து உறவு. விசாரணைக்கும் விசாவுக்கும் மட்டும் எந்த உறவும் இல்லை, தூதரக வரிசையில் நிற்கும்போது எவ்வளவு இருப்பதாகத் தோன்றினாலும்.

'பார்த்தாயிற்று' என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் நாட்டு எல்லையோடு நின்றதில்லை. உள்நாட்டுக்காரர்களையும் அது விடவில்லை. பிரான்சில் 1803இல் தொழிலாளிக்கு ஒரு கையேட்டைக் கட்டாயமாக்கினார்கள். ஊர் மாறிப் போகிறவர் அதில் அதிகாரியிடம் 'விசா' வாங்க வேண்டும். அது இல்லாமல் வழியில் அகப்பட்டால் நாடோடி என்று பிடித்துப்போவார்கள்.

நம் தீவில் இதே வேலையை ஆங்கிலேயர் இன்னும் கடுமையாகச் செய்தார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்ட 'பழைய குடியேறிகள்' தங்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டையும் போலீஸ் பாஸையும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். உலகில் சாதாரண மனிதர்களின் பாஸ்போர்ட்டில் படம் ஒட்டுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்த காலம் அது. கோயிலுக்குப் போகிறவரையும், கீரை விற்கப் போகிறவரையும், கேட்ட இடத்தில் சீட்டைக் காட்டாவிட்டால் நாடோடிக் குற்றத்தில் அடைத்தார்கள். 1871இல் அடால்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி அவர்களுக்காக எழுதிக்கொடுத்த மனுவில் 9,401 பேர் பெயர் வைத்தார்கள். அதன்பிறகுதான் 1872இல் லண்டனிலிருந்து விசாரணை ஆணையம் வந்தது. பெயர் விசா இல்லைதான். ஆனால் ஒருவரின் தாளைப் பார்ப்பது யார், காட்ட வேண்டியது யார் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே.

நாட்டு எல்லையில் விசா பரவலானது முதல் உலகப்போரோடு. 1914க்கு முன் ஐரோப்பாவில் பல நாடுகளுக்கிடையே பாஸ்போர்ட்கூட இல்லாமல் போய்வந்தார்கள். போருக்காக வந்த கட்டுப்பாடு போர் முடிந்தும் போகவில்லை. 1920இல் பாரிஸில் உலக நாடுகள் சங்கம் நடத்திய மாநாடு பாஸ்போர்ட்டுக்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. அப்புறம் நடந்தது தெரிந்த கதை.

சரி, சொல்லின் வேர் தெரிந்து என்ன பயன்? விசா வந்துவிட்டால் நுழைவு உறுதி என்ற நினைப்பு போகும். விசா கொடுப்பவர் ஊரில் இருக்கிற தூதரக அதிகாரி. அவர் உங்கள் தாள்களைப் பார்த்து, இவர் வரலாம் என்று எழுதுகிறார். உள்ளே விடுவது விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் குடிவரவு அதிகாரி. அமெரிக்க விசாவைக் கையில் வைத்துக்கொண்டு போய் இறங்கியவரையும், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்ப அங்கே சட்டத்தில் இடமுண்டு. இந்திய மின்விசாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மின்னஞ்சலில் வருவது பயண அனுமதித் தாள் மட்டும். அதை அச்செடுத்துக்கொண்டு சென்னையில் இறங்கி, கைரேகையும் படமும் கொடுத்தபிறகுதான் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை விழும்.

அடுத்த குழப்பம் காலம் பற்றியது. விசாவில் மூன்று செய்திகள் இருக்கும்: எதுவரை செல்லும், எத்தனை முறை நுழையலாம், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம். முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிக்கொண்டு திண்டாடுகிறவர்கள் அதிகம். இந்தியாவின் ஐந்தாண்டுச் சுற்றுலா மின்விசாவை வாங்கிவிட்டு, ஐந்தாண்டும் அத்தை வீட்டிலேயே இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. 'வேலிடிட்டி'யைச் செல்லுபடிக் காலம் என்றும், 'ஸ்டே'யைத் தங்குகாலம் என்றும் தமிழில் பிரித்துச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 'மல்டிபிள் என்ட்ரி'க்குப் பன்முறை நுழைவு என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கு, மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு 2009 முதல் குறுகியகால விசா வேண்டாம். விசா வேண்டாம் என்பதால் கணக்கு வேண்டாம் என்றாகாது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். இறங்கிய நாள் ஒன்று, புறப்பட்ட நாள் ஒன்று, இரண்டும் சேரும். பாரிஸில் மகள் வீட்டில் இருந்ததும் ஜெர்மனிக்குச் சுற்றிப்பார்க்கப் போனதும் ஒரே கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு இன்னொன்று சொல்லிவைக்க வேண்டும்: ரெயூனியன் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் பகுதி இல்லை. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவோடு ரெயூனியனுக்கும் ஒரு நடை போய்வரலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஒட்டுத்தாளில் 'எங்கெங்கே செல்லும்' என்ற வரியை முதலில் படிக்க வேண்டும்.

இனித் தமிழ்ச்சொல். பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு என்பது நன்றாக நிலைத்துவிட்டது. கடப்பது, கடவு, கடவை எல்லாம் ஒரே குடும்பம், எல்லையைக் கடக்க உதவும் சீட்டு. விசாவுக்குத்தான் ஒரு முடிவுக்கு வரவில்லை. இலங்கையில் நெட்டெழுத்தோடு 'வீசா' என்று எழுதுகிறார்கள். நுழைவுச்சீட்டு என்று சிலர் எழுதுவது எனக்கு ஒட்டவில்லை. அது கச்சேரிக்கும் கண்காட்சிக்கும் போகிற சீட்டு. காசு கொடுத்தால் கிடைக்கும், கொடுத்தால் உள்ளே விட்டாக வேண்டும். விசாவுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. நுழைவனுமதி பரவாயில்லை, ஆனால் அது குடிவரவு மேசையில் கிடைப்பது. அதைத் தூதரகத்தில் கிடைப்பதற்கும் வைத்துவிட்டால், மேலே சொன்ன வேறுபாடு மறைந்துபோகும்.

நுழைவிசைவு என்ற சொல்தான் என் தேர்வு. இசைவு என்றால் உடன்பாடு. நீ வர எனக்குச் சம்மதம் என்கிற அளவோடு நிற்கிறது, வாசலைத் திறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லிப்பார்க்கவும் எளிது: சுற்றுலா நுழைவிசைவு, மாணவர் நுழைவிசைவு, வழியிடை நுழைவிசைவு. 'பார்க்கப்பட்டது' என்ற வேர்ப்பொருளுக்கு நெருக்கமான தமிழ் வேண்டுமென்றால் மேலொப்பம் இருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவது. சோழர் காலத்தில் அரசன் சொன்னதை எழுதியவர் திருமந்திர ஓலை, அதைச் சரிபார்த்து ஒப்பமிட்டவர் திருமந்திர ஓலை நாயகம். வேலையைப் பார்த்தால் பழைய 'விசா' ஓலை நாயகத்தின் ஒப்பம்தான். ஆனால் இன்று மேலொப்பம் என்றால் யாருக்கும் விமானப் பயணம் நினைவுக்கு வராது. பேச்சில் விசா, எழுத்தில் நுழைவிசைவு என்று இருந்துவிட்டுப் போகலாம்.

பிரிட்டன் இப்போது நம்மிடம் கேட்பது விசா இல்லை. 2025 ஜனவரி 8 முதல் மொரீஷியஸ்காரர் போகும் முன் 'ஈடிஏ' எடுக்க வேண்டும். மின்னணுப் பயண அனுமதி என்று சொல்லலாம். கட்டணம் உண்டு, இரண்டாண்டு செல்லும். விசா வேண்டாத நாட்டுக்காரரிடம் மட்டும் கேட்கும் முன்பதிவு இது.

விண்ணப்பம் என்பதே தாளைப் பார்க்கக் கொடுப்பதுதான். பார்க்கிறவர் பெரும்பாலும் உங்களைப் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். ஆகவே ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுக்கக் கூடாது. மொரீஷியஸ் தமிழருக்கு இங்கேதான் இடிக்கும். முதலில் வந்த பாட்டனின் சொந்தப் பெயர் நமக்குக் குடும்பப்பெயராகிவிட்டது. அதை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார். உகரத்துக்கு ஒருவர் ஆங்கில முறையில் இரட்டை 'ஓ' போட்டார், இன்னொருவர் பிரெஞ்சு முறையில் 'ஓ-யூ' போட்டார். கூடப்பிறந்த இருவரின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு விதமாக இருப்பதும் உண்டு. விண்ணப்பத்தில் 'சரியான' எழுத்தைத் தேட வேண்டாம். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ, பிழையோடு அதையே எழுத வேண்டும்.

ரோஸ்ஹில்லில் எங்கள் தெருவில் ஒரு தாந்தீன் (அத்தை என்று நாங்கள் அழைக்கும் பெரியவர்), பழனிக்கும் மதுரைக்கும் யாத்திரை போக இந்திய மின்விசாப் படிவத்தை நிரப்பச் சொல்லி வந்தார். பெயர், பிறந்த ஊர் எல்லாம் சரியாகப் போனது. மதம் என்ற இடத்தில் நின்றுவிட்டோம். "தமிழ்னு போடுங்க தம்பி, வேற என்ன?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மொரீஷியஸ் மக்கள்தொகைக் கணக்கில் தமிழ் என்பது மதத்தின் பெயராகவே இருக்கிறது. இந்தியப் படிவத்தின் பட்டியலில் அது கிடையாது. இந்து என்பதைத் தேர்ந்தெடுத்தோம். அவருக்கு அரை மனதுதான்.

அதே படிவத்தில் 'கண்ணுக்குத் தெரியும் அடையாளக் குறி' என்று ஒரு கேள்வி வரும். மச்சம், தழும்பு ஏதாவது எழுத வேண்டும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் உள்ள குடியேறிகள் பதிவேட்டைப் புரட்டியவர்கள் இந்தக் கேள்வியை அடையாளம் கண்டுகொள்வார்கள். பாட்டனிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள்: உயரம் என்ன, உடம்பில் குறி என்ன.

படத்திலும் கவனம் வேண்டும். இங்கே ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவு என்றால் 35-க்கு 45 மில்லிமீட்டர் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஷெங்கனுக்கு அது சரி. இந்தியா கேட்பது சதுரப் படம், பின்புலம் வெள்ளை. நீளப்படத்தை இழுத்துச் சதுரமாக்கினால் முகம் பூசணிக்காய் போல் ஆகிவிடும், தள்ளுபடிதான். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் டிக்கெட் வாங்குவதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது.

இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைச் சொல்லாமல் விட முடியாது. பெயர் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்'. விசா என்ற சொல் தன் பொருளைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்றால், இங்கே சொல்லே பெரிதாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்த அட்டையால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆராய்ச்சிக்கோ பத்திரிகை வேலைக்கோ தனி அனுமதி வேண்டும். கிடைப்பது வாழ்நாள் முழுக்கச் செல்லும் பன்முறை நுழைவிசைவு. அதுவே பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பொதுவிதிப்படி கொள்ளுப்பேரன் தலைமுறையோடு நின்றுவிடும். நம்மில் பலருக்கு அது எட்டாது. 2024 மார்ச்சில் நம் தேசிய நாளுக்கு வந்த இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, மொரீஷியஸின் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை தருவதாக அறிவித்தார்.

அதற்கு மோக்காவிலிருந்து பாட்டனின் பதிவு வேண்டும்: கப்பல், எண், தகப்பன் பெயர், ஊர். அங்கிருந்து நீங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கண்ணி விடாமல் கோக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாண வாக்குமூலம் எழுதி வைக்க வேண்டிவரும். இத்தனையும் முடித்து அட்டை வாங்கிய பிறகும், ஐம்பது வயதைத் தாண்டிப் புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஒருமுறை இணையத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். குடிமகனிடம் எந்த நாடு இதைக் கேட்கிறது?