வெல்டர் முடித்தவருக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது: ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. நேரடிச் சேர்க்கைக்கு ஓடும் முன்

வெல்டர் முடித்த பையனுக்கு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்காது. இந்த ஒரு வரியை ஐடிஐயில் சேர்ந்த அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், கண்டனூரிலிருந்து வந்த அந்த ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் வெயிலில் அலைந்திருக்க மாட்டார். காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில்தான் அவரைப் பார்த்தேன். மஞ்சப்பையில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆறு நகல், எல்லாவற்றிலும் பையன் கையெழுத்து. “இங்க கேட்டா அங்க போங்கன்றாங்க, அங்க போனா சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வாங்கன்றாங்க, நான் என்ன தம்பி பண்றது” என்றார். நான்காவது நாள்தான் ஒருவர் சான்றிதழை விரித்துப் பார்த்து, “இது ஒரு வருஷ டிரேடும்மா, செல்லாது” என்றாராம். முதல் நாளே அதை விரித்துப் பார்த்திருக்கலாம், அரை நிமிட வேலை.

விதி இவ்வளவுதான். பத்தாம் வகுப்போடு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர், தான் படித்த டிரேடுக்கு, அதாவது தொழிற்பிரிவுக்குப் பொருத்தமான டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களும், தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களும் அப்படியே சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு விதி போடும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதிப்படி டிப்ளமோவில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கான கவுன்சிலிங்கைப் பல ஆண்டுகள் நடத்தியதே நம்ம காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் இந்த ஊருக்கு வந்து சேர்க்கை வாங்கிப் போனார்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் விவரம் தெரியாது.

‘இரண்டு ஆண்டு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு ஆண்டு. வெல்டர், பிளம்பர் ஒரே ஆண்டு. ஐடிஐ சேர்க்கையின்போது “எதில் இடம் இருக்கோ அதில் போடுங்க சார்” என்று சொல்லிவிடுகிறோம், எதில் இடம் காலியாக இருக்கிறதோ அதில் போட்டுவிடுகிறார்கள். ஒரு வருட டிரேடு மோசம் என்று நான் சொல்லவில்லை, நல்ல வெல்டருக்கு சிங்கப்பூரிலும் வேலை இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. ஆனால் பையனுக்கு மேலே படிக்கும் எண்ணம் துளி இருந்தாலும் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருட டிரேடு முடித்துவிட்டு டிப்ளமோ ஆசை வந்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து முதலாண்டில்தான் சேர முடியும்.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இதில் ஒரு வருடம் போனவர்களை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முருகன் எஸ்’, ஐடிஐயின் தேசியச் சான்றிதழில் ‘எஸ் முருகன்’, ஆதாரில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்து ‘முருகன் சுப்பையா’. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று ஆள். தேசியச் சான்றிதழை இப்போது இணையத்தில்தான் இறக்க வேண்டும். இறக்கிய அன்றே பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தப்பிருந்தால் படித்த ஐடிஐயில்தான் தொடங்க வேண்டும், இ-சேவை மையத்தில் அதைத் திருத்த மாட்டார்கள். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு இந்த வேலையை ஆரம்பித்தால் அந்த வருடம் கணக்கில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டிப்ளமோ முடித்தாயிற்று, பி.இ.க்குப் போகலாம் என்றால், இடக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கல்லூரிக்கு அனுமதித்த இடங்களில் 10 சதவீதம் கூடுதலாக நேரடி இரண்டாம் ஆண்டுக்கு உண்டு, அதோடு முதலாண்டில் நிரம்பாமல் கிடந்த இடங்களும் சேரும். யோசித்துப் பாருங்கள், நல்ல கல்லூரியில் முதலாண்டே நிரம்பிவிடும், அங்கே அந்தப் பத்து சதவீதம் மட்டும்தான். அறுபது இடமுள்ள பிரிவில் ஆறு இடம். நிறைய இடம் இருக்கிற கல்லூரி என்றால் முதலாண்டில் ஆள் சேராத கல்லூரி என்று அர்த்தம், பாலிடெக்னிக் வாசலில் நோட்டீஸ் கொடுப்பதும் வீட்டுக்கே ஆள் அனுப்புவதும் பெரும்பாலும் அவர்கள்தான். “கவுன்சிலிங் எல்லாம் வேண்டாம் அண்ணே, நம்ம காலேஜ்ல நேரா சீட்டு, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்” என்பார்கள். அது மேனேஜ்மென்ட் கோட்டா, கல்லூரி தானே நிரப்பிக்கொள்கிற இடம். அதில் சேர்ந்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடையாது. அந்தச் சலுகை அரசுக் கவுன்சிலிங்கில் இடம் வாங்கியவருக்குத்தான். சேர்ந்த பிறகு முதல் பட்டதாரி சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால் கல்லூரி அலுவலகம் கையை விரிக்கும், கூட்டி வந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

முதல் பட்டதாரி சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய், அப்புறம் விஏஓ, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையிலும் அது தூங்கி எழுந்து வர வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது, அதற்காக விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். விஏஓவுக்குத் தெரியாத குடும்பம் நம் ஊரில் இல்லை.

டிப்ளமோவில் என்ன பிரிவு எடுத்தோமோ அதற்கு பி.இ.யில் எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என்பது கவுன்சிலிங் கையேட்டில் இருக்கும். அதை டிப்ளமோவில் சேரும்போதே படிக்க வேண்டும். நம்மவர்கள் முடித்த பிறகு படிக்கிறார்கள். இன்னொன்று, அரியர் இருந்தால் கவுன்சிலிங் வரைக்கும் போகாது. பாலிடெக்னிக்கில் பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, எம் ஸ்கீம் போய் என் ஸ்கீம் வந்தது, அதுவும் போய் 2023 பாடத்திட்டம் வந்துவிட்டது. பழைய ஸ்கீமில் தங்கிப் போன பாடத்துக்கு இப்போது எந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்பதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வேறு பாடம் படித்துவிட்டுத் தேர்வு அறையில் வினாத்தாளைப் பார்த்து விழித்த ஒரு பையன் எங்கள் தெருவிலேயே இருக்கிறான்.

உள்ளே போன பிறகு இருப்பதுதான் பெரிய பள்ளம், அதைப் பற்றி எந்த நோட்டீஸும் பேசாது. டிப்ளமோ கணிதமும் பி.இ. கணிதமும் ஒன்றில்லை. நேரடியாகச் சேர்பவர் முதலாண்டுக் கணிதத்தைத் தொடாமலே மூன்றாம் பருவத்தில் போய் உட்காருகிறார். அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு அந்தப் பருவத்தில் ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ்’. பட்டறையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தாலே அளவு சொல்லிவிடுகிற பையன் இந்தப் பாடத்தில் மூன்று முறை எழுதுகிறான். இரண்டு படிப்புக்கும் பாடத்திட்டம் போட்டவர்கள் ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இந்த ஓட்டை இருந்திருக்காது. இப்படி வருபவர்களுக்குக் கணிதம், இயற்பியல், வரைபடம் போன்றவற்றில் பிரிட்ஜ் கோர்ஸ், அதாவது விட்டுப்போனதை ஈடுகட்டும் வகுப்பு நடத்த வேண்டும் என்று ஏஐசிடிஇ கையேட்டிலேயே இருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்தில் நான்கைந்து பேராகப் போய் முதல்வரிடம் கேளுங்கள், தனியாகப் போனால் “பார்க்கலாம்பா” என்று அனுப்பிவிடுவார்கள். அண்ணா பல்கலையில் நேரடி இரண்டாம் ஆண்டுக்காரருக்கு முடிக்க அதிகபட்சம் 12 பருவம்தான், முதலாண்டிலிருந்து வருபவருக்கு 14.

மேலே படிக்க வேண்டாம், ஐடிஐயோடு வேலைக்குப் போகிறேன் என்பவருக்கும் ஒரு எச்சரிக்கை. ‘அப்ரண்டிஸ்’ (தொழில் பழகுநர்) என்று சொல்லி ஒரு வருடம் வேலை வாங்கிவிட்டு லெட்டர் பேடில் அனுபவச் சான்று கொடுப்பார்கள். அது 1961 சட்டப்படியான அப்ரண்டிஸ்ஷிப் ஆகாது. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும், உதவித்தொகை வங்கிக் கணக்கில் வர வேண்டும், கடைசியில் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ் கையில் வர வேண்டும். ரயில்வே குரூப் டி வேலையில் 20 சதவீதம் ஒதுக்கியிருப்பது இப்படிச் சட்டப்படி முடித்தவருக்குத்தான். முதல் மாதமே ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். முதலாளி முகம் சுளித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, ஐடிஐ, டிப்ளமோ படிப்பவர்களுக்கும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தபால்வழிப் படிப்புக்குக் கிடையாது.

கடைசியாக அசல் சான்றிதழ்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. “இங்கேயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்” என்றால், வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டு முத்திரையோடு பட்டியல் கேளுங்கள். பெரும்பாலும் பட்டியல் கேட்டதும் சான்றிதழே திரும்பி வந்துவிடும். ஏதாவது அலுவலகத்தில் ‘கிடையாது’ என்று சொன்னால், எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அவசரம் என்றால் முதல்வரின் உதவி எண் 1100க்கு அடித்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் பேரன் இப்போது டிப்ளமோ மெக்கானிக்கல் முதலாண்டு. மீதி இருந்த ஜெராக்ஸ் நகல்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான்.