மருந்தெதிர்ப்பு: எதிர்ப்பது உடம்பா, கிருமியா?

டிசம்பர், ஜனவரிக் குளிரில், காம்பராவுக்குள் விறகுப் புகையும் சேர்ந்துகொள்ள, இலங்கையின் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும். "போன தடவை குடுத்த மருந்துக்கு இந்தத் தடவை கேட்கல, உடம்புக்குப் பழகிருச்சு" என்பார்கள் தாய்மார். இதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பிழை. அந்தப் பிழைக்கு நம் கலைச்சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நெஞ்சுச் சளி முற்றினால் வைத்தியர் சொல்லும் நியூமோனியா கிரேக்கத்திலிருந்து வந்த சொல். நுரையீரலைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். தமிழில் நுரையீரல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. தீப்பட்டதுபோல் சிவந்து, சூடேறி, வீங்குவது அழற்சி. நுரையீரலும் அருமையான பெயர்தான். காற்று நிறைந்து நுரைபோல் இருக்கும் அந்த உறுப்பின் அறைகளில் நீரும் சீழும் நிரம்புவதால்தான் பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்குகிறது.

அன்டிபயோட்டிக் என்பதும் கிரேக்க வேர்தான்: அன்டி எதிர், பயோஸ் உயிர். இன்றைய பொருளில் அதை 1940களில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் செல்மன் வாக்ஸ்மன். தமிழில் நுண்ணுயிர் எதிர்ப்பி.

சிக்கல் இதற்கு அடுத்த சொல்லில் இருக்கிறது. அந்த மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவதை 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று எழுதுகிறார்கள். 'பி' என்றால் மருந்து, 'பு' என்றால் கிருமியின் குணம்! போதாததற்கு, 'நோய் எதிர்ப்புச் சக்தி' நல்லது என்று காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம். அப்புறம் எதிர்ப்பு கெட்டது என்றால் யாருக்கு விளங்கும்?

பென்சிலின் வகை மருந்துகள், கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நியூமோகொக்கஸ் அந்தப் புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது. இன்னொன்றான கிளெப்சியெல்லா மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. உடம்புக்கு எதுவும் பழகவில்லை. அதனால்தான் அன்டிபயோட்டிக்கே தொடாத கைக்குழந்தைக்கும் இப்படிப்பட்ட கிருமி தொற்றலாம்.

இதைக் கண்டுபிடிக்க வளர்ப்புச் சோதனை செய்வார்கள். சளியிலோ இரத்தத்திலோ உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து ஊறிய சின்னக் கடதாசி வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் போதிய அகலத்துக்கு வட்டம் தெளிந்தால் மருந்து வேலை செய்கிறது. பெரும்பாலும் முடிவு வர 2, 3 நாளாகும். அதுவரை நோயாளியைக் காக்கவைக்க முடியாது. அந்தப் பகுதியின் பழைய முடிவுகளைப் பார்த்து ஒரு மருந்தைத் தொடங்கி, தேவையென்றால் பிறகு மாற்றுவார்கள். ஆகவே மலைநாட்டு வைத்தியசாலைகளின் முடிவுகளும் கணக்கில் சேர வேண்டும். இத்தகைய தரவுகளை நாடுகளிடமிருந்து திரட்டும் திட்டத்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் தொடங்கியது.

சரி, எந்தச் சொல்லை எழுதலாம்? 'கிருமியின் மருந்தெதிர்ப்பு' என்பது என் தெரிவு. எதிர்ப்பது யார், எதை என்பது அதிலேயே இருக்கிறது. பேச்சுக்கு அதுவும் வேண்டாம். 'கேட்டல்' என்றால் சொல்படி நடத்தல் என்றும் பொருள். "மருந்துக்குக் கேட்கல" என்று அந்தத் தாய்மார் சொல்வதே சரியான தமிழ். "கேட்காதது உடம்பு இல்லம்மா, கிருமி" என்று மட்டும் சொன்னால் போதும்.